கிற்றார் பிக்கப் மாற்ற ஆலோசனை வேண்டும்

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். என் எலக்ட்ரிக் கிற்றாரின் கழுத்துப் பக்க ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பில் இரட்டைச் சுருள் வகை) பழுது. மீற்றர் வைத்துப் பார்த்தேன், ஒரு சுருள் அறுந்துவிட்டது. ஜாஸ் கிற்றார் கலைஞர் வெஸ் மொன்ட்கொமரி பெருவிரலால் வாசிக்கும்போது வருமே, அந்த உருண்டையான, இதமான தொனிதான் என் ஆசை.

மின்தடை 7.5 கிலோஓம் அளவில், அல்னிக்கோ 2 காந்தம் உள்ளதை வாங்க யோசிக்கிறேன். அல்னிக்கோ 5 எனக்குக் கொஞ்சம் கூர்மை. ஆனால் அல்னிக்கோ 2 இல், கீழ்ச் சுரங்களில் கோர்ட் பிடித்தால் எல்லாம் கலங்கிப்போகுமோ என்று பயம். போட்டிருப்பது 12 அளவு பிளாட்வுண்ட் (தட்டை நாடா சுற்றிய) கம்பி. வொல்யூம் பொட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடை) 500கே, அதாவது 500 கிலோஓம். அதையும் 250 ஆக்கினால் தொனி மங்கிவிடுமா?

அல்னிக்கோ 2, 5 இரண்டையும் வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கோ. மற்றது, யாழ்ப்பாணத்தில் பக்குவமாகச் சோல்டர் பண்ணித் தரக்கூடியவர் யாரும் இருக்கிறார்களா?