மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர் கிழிந்தால் உடனே அறுவையா, காத்திருப்பா?

தோட்டத்து மகன் (சுங்கை சிப்புட்):
எங்கள் வட்டாரத்து மூதாட்டி ஒருவருக்கு மாரடைப்பு வந்த நான்காம் நாளில் இதயக் கீழறைகளின் இடைச்சுவர் கிழிந்தது. மருத்துவர்கள் உடனே அறுவை செய்யாமல் பொறுத்திருந்ததைச் சிலர் அலட்சியம் என்கின்றனர். நான் அதை ஏற்கவில்லை. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இக்கிழிவுக்கு அறுவை செய்துகொண்ட 2,876 பேரை ஆராய்ந்தது. மாரடைப்பு வந்த ஏழு நாள்களுக்குள் அறுவை செய்துகொண்டோரில் 54 விழுக்காட்டினர் இறந்தனர். அதற்குப் பின் செய்துகொண்டோரில் இறந்தவர்கள் 18 விழுக்காடுதான்.

பழைய டிரசர்:
எண்கள் சரிதான், தம்பி. அவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. எட்டாம் நாள்வரை உயிரோடு இருந்தவர்கள் முன்பே தாக்குப்பிடிக்கும் நிலையில் இருந்தவர்கள். இரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகமும் செயலிழந்தவர்களை முதல் நாள்களிலேயே அறுவைக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது, காத்திருந்து இறந்தவர்களோ அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆகவே பிழைப்பைத் தீர்மானிப்பது நாள்காட்டி அன்று, நோயாளி அதிர்ச்சி நிலைக்கு, அதாவது இதயம் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாமல் உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்குப் போனாரா என்பதே. அந்நிலையில் இருந்த 55 பேரைப் பற்றி 2000-இல் வந்த ஆய்வில், அறுவை பெற்ற 31 பேரில் 6 பேரும், பெறாத 24 பேரில் ஒருவரும் மட்டுமே பிழைத்தனர்.

தோட்டத்து மகன்:
காத்திருப்பதற்கு உடற்கூற்றுக் காரணமும் உண்டு, ஐயா. இறந்த தசை முதல் வாரத்தில் நைந்த துணியைப் போன்றது, தையல் நிற்காது. வடு உறுதிப்பட்ட பின்னரே கிழிவை மூடத் தைக்கும் ஒட்டுத்துண்டு பிடிக்கும். இதயத்தின் நுனியருகே உள்ள கிழிவைவிட அடிப்பகுதிக் கிழிவு சீரமைக்கக் கடினமானது. வலது கீழறையும் பழுதடைந்திருந்தால் நிலை மேலும் மோசம்.

லிந்தாங் வாசகி:
இருவரும் அறுவைக்கூடத்திலேயே நிற்கிறீர்கள். இடைச்சுவர் அன்றி இதயத்தின் வெளிச்சுவர் கிழிந்தால் இரத்தம் இதய உறைக்குள் தேங்கி இதயத்தை நெருக்கிவிடும். பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களே மிஞ்சும். கசிவு மெதுவாக இருந்து, எக்கோ ஸ்கேனில் உடனே தெரிந்தவர்களே பிழைக்கிறார்கள். முதியோர், பெண்கள், முதன்முறை மாரடைப்பு வந்தோர், தாமதமாக மருத்துவமனைக்கு வந்தோர் ஆகியோருக்கே இந்த ஆபத்து மிகுதி. நம் தோட்டங்களில் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்து விடியும்வரை பொறுக்கும் பாட்டிமார் இந்தப் பட்டியலில் முழுமையாகப் பொருந்துகிறார்கள்! மாரடைப்பை உண்டாக்கிய இரத்தக்குழாய் அடைப்பைக் காலத்தோடு நீக்கினால் கிழிவே அரிதாகிவிடும். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி பெற்ற 41,021 பேரின் ஆய்வில் இடைச்சுவர்க் கிழிவு ஏறத்தாழ 0.2 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. அச்சிகிச்சைக்கு முந்திய காலத்தில் அது ஒன்று முதல் இரண்டு விழுக்காடாக இருந்தது.

தோட்டத்து மகன்:
கிழிவைத் தடுப்பது வேறு, கிழிந்தவரைக் காப்பது வேறு, அக்கா. அதிர்ச்சி நிலைக்குப் போகாத நோயாளியை ஒரு வாரம் பொறுக்க வைப்பது சரியே என்பதில் நான் மாறவில்லை.

பழைய டிரசர்:
அப்படியானால் அவர் எங்கே படுத்துக் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். நன்றாக இருப்பவருக்கும் கிழிவு திடீரென அகன்று, சில மணி நேரத்தில் நிலை சரியக்கூடும். இதயத்தின் சுமையைக் குறைக்கும் பலூன் பம்பும் இதய அறுவை வல்லுநரும் உள்ள இடத்தில் பொறுத்திருப்பது சிகிச்சை. மாவட்ட மருத்துவமனையின் பொது வார்டில் அதே ஒரு வாரத்தைக் கழிப்பதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?