பப்பதோபுலோஸ் என்று யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

முத்துநகர் மெரைன்:

பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், ஒருமுறை சொல்லிப் பாருங்கள், தமிழ் வாய்க்கு நன்றாகவே உட்காரும். கிரேக்கத்தில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். கிரேக்கக் கம்பெனி ஒன்றின் பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் நான் தேர்டு இன்ஜினியராக எட்டு மாதம் ஓடினேன், அந்த ஒரே கப்பலில் இரண்டு யோர்கோஸ் பப்பதோபுலோஸ் இருந்தார்கள். ஒருவர் சீஃப் இன்ஜினியர், ஐம்பது வயது. இன்னொருவன் செகண்ட் மேட், அவருடைய சித்தப்பா மகன். கிரேக்கர்கள் மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம், ஆக அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலைமகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள். நம் ஊரில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, அதே கதை.

பிரேசிலில் ஒரு துறைமுகத்துக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி க்ரூ லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, ஒரே பெயரைத் தவறுதலாக இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எதையும் பார்க்கவில்லை. சீஃபுக்குக் கரையில் இறங்குவதற்கான ஷோர் பாஸ் வந்தது, செகண்ட் மேட்டுக்கு வரவில்லை. சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு கேங்வே பக்கம் நின்றுகொண்டிருந்தவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீஃப் ஒன்றும் கத்தவில்லை. புது லிஸ்ட் எடுத்து, தன் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் பேனாவால் டெல்டா என்ற கிரேக்க எழுத்தைப் போட்டார், தம்பி பெயரில் ஒரு என் போட்டார். அப்பாக்களின் பெயர்களில் முதல் எழுத்து, திமித்ரிஸ், நிக்கோஸ். மறுநாள் பாஸ் வந்தது, அன்று மாலையே கப்பல் கிளம்பிவிட்டது என்பது வேறு விஷயம்.

பப்பாஸ் என்றால் பாதிரியார், பப்பதோபுலோஸ் என்றால் பாதிரியார் மகன் என்று கன்ட்ரோல் ரூமில் ஃப்ராப்பே என்கிற குளிர்ந்த காபியைக் குலுக்கிக்கொண்டே சீஃப் சொன்னார். நான் தூத்துக்குடி கத்தோலிக்கன். "சாமியாருக்கு எப்படி சார் மகன்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பாதி ஃப்ராப்பே மேஜையில். ஆர்த்தடாக்ஸ் சபையில் குருப்பட்டம் வாங்குவதற்கு முன்னால் கல்யாணம் செய்துகொள்ளலாம், பட்டம் வாங்கியபின் கூடாது, ஆயர் ஆக வேண்டுமென்றால் மட்டும் மணமாகாத துறவியாக இருக்க வேண்டும், இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்கு ஊர் ஒரு பாதிரியார், அவருக்கு வீடு நிறையப் பிள்ளைகள், அப்புறம் பெயர் ஏன் பெருகாது?

கடைசியில் வரும் 'புலோஸ்' லத்தீனில் குஞ்சு என்ற சொல்லிலிருந்து வந்ததாம். தெற்குக் கிரேக்கத்தில் பெலோபொனீஸ் பக்கம்தான் இந்த வால் அதிகம். நாம் அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்கிறோம், அதே பிள்ளையைப் பெயருக்குப் பின்னாலும் போட்டுக்கொள்கிறோம். எங்கள் தெருவில் நின்று "பர்னாந்து" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், அதனால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. உங்களில் யாராவது இந்தப் பெயர்க்காரர்களைப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

தெசலோனிக்கி அக்கா:

பார்த்திருக்கிறேனாவா? நாலு வருடம் அவர்கள் வீட்டில் குடியிருந்தேன் தம்பி. முதலில் ஒன்று, தமிழில் அதை 'த' போட்டு எழுதினீர்களே, அதுதான் சரி. கிரேக்க டெல்டா 'டி' இல்லை, 'அது' என்று சொல்லும்போது வரும் நம்முடைய மெல்லிய த. 'தோ'வில் அழுத்தம். பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியப் பிள்ளைகள் எல்லாம் பப்படாப்புலஸ் என்று கடித்துக் குதறும்போது நான் சரியாகச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரம்மா கூட்டத்தில் பெருமை பேசுவார்.

அவர் பப்பதோபுலோஸ் இல்லை, பப்பதோபுலு. பெண்களுக்குப் பெயரின் வால் மாறும், 'இன்னாருடைய' என்ற பொருளில். அதுவும் அவர் கணவருடைய பெயர் இல்லை, பிறந்த வீட்டுப் பெயர். 1983இல் வந்த சட்டப்படி பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கட்டடத்து வாசலில் அழைப்புமணிப் பலகையில் பப்பதோபுலு ஒன்று, பப்பதோபுலோஸ் இரண்டு, மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தம் கிடையாது. இரவு பத்து மணிக்கு சுவ்லாக்கி என்கிற சுட்ட இறைச்சி கொண்டுவருகிற பையன் மூன்றையும் அழுத்துவான், இரண்டாவது மாடித் தாத்தா உள்பாடியோடு பால்கனிக்கு வந்து திட்டுவார். வாரத்துக்கு இரண்டு நாளாவது இது உண்டு.

வீட்டுக்காரம்மாவின் அம்மா வீட்டுப் பெயர் பப்பாசோக்லு. துருக்கி மொழியில் பப்பாஸ் என்றால் பாதிரியார், ஓக்லு என்றால் மகன், ஆக அதுவும் இதேதான்! 1923 மக்கள் பரிமாற்றத்தில் சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆசியா மைனரிலிருந்து கிரேக்கத்துக்கு வந்தார்கள், அவர்களில் அவர் பாட்டியும் ஒருவர். "ரெண்டு பக்கமும் பாதிரியார் பரம்பரை, ஆனா நான் ஈஸ்டருக்கு மட்டும்தான் கோயிலுக்குப் போவேன்" என்பார்.

நீங்கள் சொன்ன டெல்டா கதைக்கு வருகிறேன். அங்கே அரசாங்கப் படிவம் எதை எடுத்தாலும் அப்பா பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் வரிசையில் காத்திருந்தேன், உள்ளேயிருந்து "பப்பதோபுலு!" என்று கூப்பிட்டதும் ஐந்து பெண்கள் எழுந்தார்கள். "திமித்ரியுவின் மகள்!" இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். "மரியா!" அப்போதும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது, எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல்தான், அது என் அப்பா பெயர் என்று விளக்கினேன். வேறு எந்த நாட்டிலும் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருக்கும். அந்த அம்மா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

ஊர்சுற்றி:

நான் ஏதென்ஸில் ஒரே ஒரு டாக்சியில் பார்த்தேன், அதைச் சொல்கிறேன். ஓட்டுநருக்கு எழுபது வயதுக்கு மேல். பெயர் கேட்டேன். "யோர்கோஸ்" என்றார், "முழுப் பெயரைக் கேட்காதே" என்றார். கேட்காமல் இருப்பேனா? யோர்கோஸ் பப்பதோபுலோஸ்.

1967 ஏப்ரல் 21 அன்று ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்களே, அந்தக் கும்பலின் தலைவன் பெயரும் அதே யோர்கோஸ் பப்பதோபுலோஸ்தான். இவர் அப்போது வாலிபர். அடையாள அட்டையைப் பார்க்கிற போலீஸ்காரன் ஒருவன் விளையாட்டாக விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பானாம், ஆட்சி போனபிறகு அதே அட்டையைப் பார்க்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்களாம். "நான் ரெண்டுக்கும் ஒண்ணும் பண்ணலே" என்றார். நாடு நோயாளி, மாவுக்கட்டு போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அந்த ஆள் மேடைக்கு மேடை பேசுவாராம், அதனால் 'கிப்ஸோஸ்', அதாவது மாவுக்கட்டு என்று சொன்னாலே பழைய ஆட்களுக்கு அந்த ஏழு வருடங்கள்தான் ஞாபகம் வரும். இதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கட்டு போட்டதுபோல் விறைப்பாக நீட்டிக் காட்டினார், எனக்கு உயிர் போய்விட்டது.

சர்வாதிகாரியின் கதை முடிந்த விதமும் தெரியுமா? 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர் எழுச்சியை டாங்கி விட்டு நசுக்கிய சில நாட்களிலேயே சொந்த ஆட்களே அவரைத் தூக்கிவிட்டார்கள். 1975இல் மரண தண்டனை, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1999இல் கைதியாகவே இறந்தார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவர் வீட்டுக்காவலில் வைத்த முன்னாள் பிரதமர் யோர்கோஸ் பப்பந்திரேயு. அவர் நிஜமாகவே பாதிரியார் மகன். அப்பா பெயர் அந்திரேயாஸ் ஸ்தவ்ரோபுலோஸ், மகன் அந்தக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு 'பாதிரியார் அந்திரேயாவின்' என்று வைத்துக்கொண்டார். சர்வாதிகாரியின் அப்பாவோ பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேரும் அக்காயா மாவட்டத்துக் கிராமத்துக்காரர்கள்! 1968இல் பப்பந்திரேயு இறந்தபோது சவ ஊர்வலமே ஆட்சிக்கு எதிரான பெரிய ஆர்ப்பாட்டமாகிவிட்டது. பின்னால் அவர் மகனும் பேரனும் பிரதமர் ஆனார்கள்.

வடமராட்சியான்:

நான் மாணவர் விசாவில் சைப்ரஸ் போனவன். படிப்பு பாதி, வேலை பாதி. நிக்கோசியாவில் ஒரு வயது போன ஐயாவைப் பின்னேரங்களில் பார்த்துக்கொண்டேன், அவரும் பப்பதோபுலோஸ். முன்னாள் ஜனாதிபதி தாசோஸ் பப்பதோபுலோஸுக்கு இவர் ஒரு சொந்தமும் இல்லை, ஆனால் அந்த மனிசன் என்றால் உயிர். 2004இல், பிரிந்து கிடக்கிற தீவை ஒன்றுசேர்க்கிற ஐநா திட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்க வேண்டாம் என்று தாசோஸ் டிவியில் கண் கலங்கிப் பேசினதை எனக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். அந்த வாக்கெடுப்பில் கிரேக்கச் சைப்ரஸ்காரர் நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றுதான் போட்டவை.

தாசோஸ் 2008 டிசம்பர் 12 செத்தார். ஒரு வருசத் திவசத்துக்கு முதல்நாள், 2009 டிசம்பர் 11 காலமை, கல்லறையைத் தோண்டி உடலைக் களவெடுத்துப் போட்டாங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் போனபோது ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "கார் எடு, சுடலைக்குப் போவம்" என்றார். நான் தாசோஸின் கல்லறைக்கு என்று நினைத்தேன். இல்லை, இவருடைய மனிசியின் கல்லறைக்கு. "அவளின்ர கல்லிலயும் இந்தப் பேர்தான் கிடக்கு, பிழையாத் தோண்டிப்போட்டாங்களோ தெரியாது" என்கிறார். மழை. போய்ப் பார்த்தால் எல்லாம் அப்படியே கிடந்தது. கண்ணாடிக்குள் இருக்கிற சின்ன எண்ணெய் விளக்கு மட்டும் அணைந்திருந்தது. என் லைட்டரை வாங்கிக் கொளுத்தினார், காற்றுக்கு மூன்று தரம் அணைந்தது, நாலாம் தரம் நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

2010 மார்ச்சில் நிக்கோசியாவிலேயே வேறொரு சுடலையில் தாசோஸின் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

ஓக்லி கணக்கர்:

மெல்பர்னில் இந்தப் பெயர் தெருவுக்குத் தெரு. சுருக்கமாக ஒன்று மட்டும். இங்கே பெண்களும் 'லோஸ்'தான், ஏனென்றால் ஆஸ்திரேலியப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரை அப்படியே எழுதிவிடுவார்கள். என் வாடிக்கையாளர் ஒருத்தி ஏதென்ஸ் போய், பெண்ணுக்கு எப்படி லோஸ் வரும் என்று ஹோட்டலில் சிரித்தார்கள் என்று இன்றும் புலம்புகிறாள். சிலர் பப்பாஸ் என்று வெட்டிக்கொண்டுவிட்டார்கள், வரிப் படிவத்தில் கட்டம் போதாத காலத்தில் எனக்கும் அது வசதி.

மைக்ரோஸ்கோப்:

நான் ஒரு கிரேக்கரைக்கூட நேரில் பார்த்ததில்லை, மதுரையைத் தாண்டி வேலை பார்த்ததும் இல்லை. ஆனால் இந்தப் பாதிரியார் குடும்பத்தில் ஒருவர் பெயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். செல்களைச் சோதிக்கிற சைட்டாலஜி லேபில் இருக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையைப் பாப் ஸ்மியர் என்கிறோமே, அந்தப் 'பாப்' யோர்கோஸ் பப்பநிக்கோலாவு, 'பாதிரியார் நிக்கோலாவின்' என்று பொருள். நாங்கள் ஸ்லைடை முக்குகிற சாயத்துக்கும் அவர் பெயர்தான். முதலில் ஹெமட்டாக்ஸிலின், அப்புறம் ஆரஞ்சு ஜி, கடைசியில் ஈஏ, சரியாக வந்தால் மேலடுக்குச் செல்கள் இளஞ்சிவப்பாகவும் அதற்குக் கீழடுக்குச் செல்கள் பச்சை கலந்த நீலமாகவும் தெரியும். புதிதாக வருகிற பயிற்சிப் பிள்ளைகள் அதைப் பாப்பா ஸ்மியர், பிரசவச் சோதனை என்று நினைத்துக்கொள்வதுண்டு.

எவியா தீவில் கிமி என்ற ஊரில் 1883இல் பிறந்தவர். 1913இல் மனைவியோடு அமெரிக்கா போய், ஆரம்பத்தில் கம்பளம் விற்றிருக்கிறார். அப்புறம் ஆராய்ச்சிக்காகப் பல வருடம் அந்த அம்மாவிடமே மாதிரி எடுத்திருக்கிறார், அவர் பெயர் அந்திரோமாகி. 1928இல் புற்றுநோய்ச் செல்லைக் கண்டு சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, 1943இல் புத்தகமாக வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எத்தனையோ பெண்களைக் காப்பாற்றின சோதனையில் அந்த அம்மா பெயரும் இருந்திருக்கலாம் என்று ஸ்லைடு காய்கிற நேரத்தில் தோன்றும். அக்கா, ஒரு சந்தேகம், அவர் மனைவிக்கு அந்தப் பெயரின் வால் எப்படி மாறும்?

தெசலோனிக்கி அக்கா:

மாறாது. பப்பநிக்கோலாவு, பப்பந்திரேயு, பப்பயோர்யியு எல்லாம் ஏற்கெனவே 'இன்னாருடைய' என்ற உருவில்தான் இருக்கின்றன, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கடைகளில் பப்பதோபுலு என்றே ஒரு பிஸ்கட் உண்டு, 1922இல் தொடங்கிய கம்பெனி. வீட்டுக்காரம்மா அவர்களுடைய 'பெட்டி பெர்' என்ற பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துச் சாக்லேட்டில் போட்டு மொசைக்கோ என்ற இனிப்பு செய்வார், "எங்க கம்பெனி சரக்கு" என்று எனக்கு ஒரு துண்டு கூடுதலாக வரும். கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு பைசா தொடர்பு கிடையாது.

முத்துநகர் மெரைன்:

வடமராட்சி அண்ணே, குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

என் இரண்டு யோர்கோஸும் நலம். சீஃப் ஓய்வு பெற்றுக் கலமாட்டா பக்கம் ஆலிவ் தோட்டம் பார்க்கிறார், தம்பி இப்போது சீஃப் மேட். யோர்கோஸ் என்றால் ஜார்ஜ்தானே, போனில் ஜார்ஜ் டி, ஜார்ஜ் என் என்றுதான் சேமித்திருக்கிறேன். கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் முக்கியம், புனித ஜார்ஜ் திருநாள் ஏப்ரல் 23. 2024இல் அன்று காலை மறக்காமல் சீஃபுக்கு என்று வாழ்த்து அனுப்பினேன், அது தம்பிக்குப் போய்விட்டது. பதில் வந்தது: "நான் என். டிக்கும் அனுப்பிடு. ஆனா இன்னிக்கு இல்லே, தவக்காலத்துல வந்துட்டதால திருநாள் ஈஸ்டருக்கு மறுநாளுக்குத் தள்ளிப் போச்சு, மே 6. அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்பு."