காட்டிய சைகையை நடுவர் மாற்றலாமா? 2019 றக்பி லீக் இறுதிப் போட்டியும் எங்கள் சுற்றுப்போட்டி விதித்தாளும்

முறிகண்டியான் (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம். அடுத்த பாடசாலை விடுமுறையில் எங்கள் கழகம் நடத்தவிருக்கும் உதைபந்தாட்ட, கபடிச் சுற்றுப்போட்டிகளுக்கான விதித்தாளை எழுதிக்கொண்டிருக்கிறோம். சென்ற முறை உதைபந்தாட்ட அரையிறுதியில் துணை நடுவர் கொடியை உயர்த்தினார். அதைக் கண்ட பின்கள வீரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நடுவர் ஊதவில்லை. எதிரணியின் முன்கள வீரர் பந்தை ஆறுதலாகக் கொண்டுபோய் வலைக்குள் தட்டிவிட, கோல் வழங்கப்பட்டது. அதன் பிறகு மைதானத்துக்குள் இறங்கியவர்களை வெளியேற்றுவதற்குள் பொழுது பட்டுவிட்டது.

இந்தக் கதையைக் கேட்ட என் அக்காவின் மகன் சிட்னியிலிருந்து ஒரு காணொளியை அனுப்பினான். 2019 ஒக்ரோபர் 6ஆம் திகதி நடந்த, அவுஸ்திரேலியாவின் என்.ஆர்.எல் றக்பி லீக் தொடரின் இறுதிப் போட்டி அது. சிட்னி றூஸ்ரர்ஸும் கன்பரா றெய்டர்ஸும் 8–8 எனச் சமநிலையில் இருக்கின்றன. ஆட்டம் முடியப் பத்து நிமிடங்களுக்கும் குறைவாகவே உள்ளது. கன்பரா உயர உதைத்த பந்துக்கு இரு தரப்பும் துள்ளியதில், அது மீண்டும் கன்பராவிடமே வருகிறது. நடுவர் பென் கமின்ஸ் கையைத் தலைக்கு மேல் அசைத்து, இன்னும் ஆறு டாக்கிள் (பிடி) உண்டு என்று காட்டுகிறார். அடுத்த சில விநாடிகளில் மற்ற நடுவர்களின் சொல்லைக் கேட்டு, இதுதான் கடைசி என்று மாற்றிக்கொள்கிறார். பந்தைப் பெற்ற ஜாக் வைற்றனோ அதை உதைக்காமல், நிதானமாகப் பிடிபட்டு விழுகிறார். பந்து றூஸ்ரர்ஸிடம் போக, ஓரிரு நிமிடங்களுக்குள் ஜேம்ஸ் டெடெஸ்கோ ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் ஊன்றிப் புள்ளி பெறுவது) வைக்கிறார். முடிவு 14–8.

மாற்றிய தீர்ப்புத்தான் சரியானது என்கிறார்கள். அப்படியானால் கன்பரா ஆதரவாளர்களின் மனக்குறை ஏன் இன்னும் ஆறவில்லை? சைகை காட்டிய பின் அதை மாற்ற விதியில் இடமுண்டா? எங்கள் விதித்தாளில் இதை எப்படி எழுதலாம்?

மல்லாவி–பரமற்றா எழுதியது:

தம்பி, மல்லாவியில் கபடி பாடி வளர்ந்த நான் இப்போது இருக்கும் பகுதியில் குளிர்காலம் முழுவதும் இந்த விளையாட்டுப் பேச்சுத்தான். முதலில், இதைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. அணிக்கு 13 பேர். பந்தை வைத்திருக்கும் அணி ஆறு தடவை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகையால் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். இடையில் எதிரணி பந்தைத் தொட்டு விளையாடிவிட்டால் கணக்குப் புதிதாகத் தொடங்கும். பந்து றூஸ்ரர்ஸ் வீரரிடம் பட்டதாக எண்ணித்தான் கமின்ஸ் கையை அசைத்தார். மற்றவர்கள் அப்படியில்லை என்றார்கள். அப்போது மைதானத்தில் இரண்டு நடுவர்கள் இருந்த காலம்; 2020இல்தான் மீண்டும் ஒருவராக்கினார்கள்.

விதிநூலின் எழுத்தைப் பார்த்தால் கன்பரா பக்கத்திலும் நியாயம் தெரியும். நடந்தது என்ன என்பதைத் தீர்மானிப்பவர் நடுவரே. அப்படித் தீர்மானித்ததை அவர் பின்னர் மாற்றலாகாது. தமக்குத் தெரியாத முறைகேடான ஆட்டம் அதற்கு முன் நடந்திருப்பதாக எல்லை நடுவர் அறிவித்தால் மட்டுமே ரத்துச் செய்யலாம் என்ற கருத்தில் அது அமைந்திருக்கிறது. ஆனால் நடைமுறை வேறு. மறுநாள் லீக்கின் ஆட்டப் பிரிவுத் தலைவர் கிரஹாம் ஆனெஸ்லி, முதலில் காட்டிய சைகையே தவறு என்றும், இறுதியில் எட்டிய தீர்ப்புச் சரியே என்றும் விளக்கினார். இதை நானும் மறுக்கவில்லை.

மனக்குறை ஆறாததற்குக் காரணம் வேறு என்பது என் எண்ணம். உங்கள் அரையிறுதியில் நின்றுவிட்ட வீரர்களுக்கு, ஊதல் ஒலிக்கவில்லையே என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது உண்டு. டாக்கிள் கணக்கு அப்படியன்று. அங்கே ஊதல் கிடையாது, ஆட்டம் நிற்பதும் கிடையாது. நடுவரின் கையும் குரலும் மட்டுமே வீரனுக்கு அறிவிப்பு. காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்: வைற்றன் பந்தை வாங்கும்போது அவர் கண் எதிரே வரும் தடுப்பாளர்மீது இருக்கிறது, நடுவர்மீது இல்லை. 80,000 பேருக்கு மேல் கூச்சலிடும் அரங்கில் 'கடைசி' என்ற குரல் எவருடைய காதில் விழும்? கண்ணால் கண்ட சைகையை நம்பியவனுக்கு, கேளாத சொல்லால் தண்டனை கிடைத்தது. தோற்ற அணியில் இருந்தும் அன்றைய சிறந்த வீரருக்கான கிளைவ் சேர்ச்சில் பதக்கம் அவருக்கே கிடைத்தது என்பது தனிக்கதை.

இன்னொன்று. அதே ஆட்டத்தின் தொடக்கத்தில் கன்பரா மறித்த ஓர் உதை, மைதானத்துக்குள் நின்ற றூஸ்ரர்ஸ் பயிற்றுவிப்பு உதவியாளர்மீது பட்டது. அதற்கு ஸ்க்ரம் (இரு அணியினரும் தோளோடு தோள் கோத்து நிற்க, நடுவே பந்தைப் போட்டு ஆட்டத்தை மீளத் தொடங்குவது) கொடுத்தார்கள். பந்தை உள்ளே போடும் உரிமையும் றூஸ்ரர்ஸுக்கே போனது. அதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு 'மீண்டும் ஆறு' வெந்த புண்ணில் வேல்.

வவுனியா உடற்கல்வி எழுதியது:

மல்லாவி நண்பரின் விளக்கம் நன்று. ஆயினும் முடிவில் அவரோடு உடன்பட முடியவில்லை. 2013 செப்டம்பரில் குரோனுலா அணி ஏழாவது டாக்கிளில் ட்ரை வைத்தது. எண்ணிக்கை பிசகியதை அந்த நேரத்தில் எவரும் திருத்தவில்லை. வட குயின்ஸ்லாந்து கவ்போய்ஸ் அந்த ஆட்டத்தில் 20–18 என்று தோற்றுப் போட்டித் தொடரிலிருந்தே வெளியேறியது. 1978இல் மான்லி அணி பரமற்றாவுக்கு எதிராக வைத்த ட்ரையும் ஏழாவது டாக்கிளில்தான் என்ற குற்றச்சாட்டு இன்றும் அங்கே பேசப்படுகிறது. திருத்தாமல் விட்டால் அநீதி, திருத்தினால் துரோகம் என்று ஒரே வாயால் சொல்லக் கூடாது. எண்ணிக்கை என்பது அபிப்பிராயம் சார்ந்த விடயமும் அன்று.

மாற்றலாமா என்பதைவிட எதுவரை மாற்றலாம் என்பதே பொருத்தமான கேள்வி. துடுப்பாட்ட விதி, நடுவர் தம் தீர்ப்பை உடனடியாக மாற்றுவதாயின் மாற்றலாம், அதன் பின் அது இறுதியானது என்கிறது. உதைபந்தாட்டத்தில், ஆட்டம் மீளத் தொடங்கிவிட்டால் அதற்கு முந்தைய தீர்ப்பைத் தவறென்று உணர்ந்தாலும் மாற்ற முடியாது. இரண்டிலும் எல்லைக்கோடு தெளிவாக இருக்கிறது. டாக்கிள் கணக்கிலோ ஆட்டம் நிற்பதேயில்லை; ஆகவே கோடு கீற இடமில்லை.

உங்கள் அரையிறுதிக் கோல் செல்லும். கொடி என்பது நடுவருக்குத் துணை நடுவர் கூறும் ஆலோசனை, தீர்ப்பு அன்று. ஊதும்வரை ஆடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காத பயிற்றுநரே அன்று பொறுப்பாளி.

புதுக்குடியிருப்புப் பாடி எழுதியது:

கபடிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். சைகையை மாற்றுவதுகூடப் பெரிய சங்கடமன்று, எந்த விதிநூலின்படி ஆடுகிறோம் என்பதே ஐயமாகிவிட்டால் நிலைமை எவ்வளவு மோசமாகும் என்பதற்கு 2023 ஒக்ரோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவின் ஆண்கள் இறுதிப் போட்டியே சாட்சி. இந்தியாவும் ஈரானும் 28–28. ஏறத்தாழ ஒரு நிமிடம் மீதம். பாடிச் சென்ற பவன் செராவத் எவரையும் தொடாமலே லொபிக்குள் (ஆடுகளத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டைக்குள்) கால் வைத்துவிட்டார். அவரை மறிக்கப் பாய்ந்த ஈரான் தடுப்பாளர்களும் பின்னாலேயே லொபிக்குள் இறங்கினார்கள். பழைய விதிப்படி, தொடுகை இல்லாமல் லொபிக்குள் போன தடுப்பாளர்களும் வெளியேற வேண்டும். புரோ கபடியில் பழகிய புதிய விதிப்படி, பாடிச் சென்றவர் மட்டுமே வெளியே. நடுவர்கள் ஒன்றைச் சொல்லிப் பிறகு மற்றொன்றைச் சொல்ல, வீரர்கள் மெத்தையிலேயே அமர்ந்துவிட்டார்கள். ஆட்டம் ஒரு மணி நேர அளவில் நின்றது. இறுதியில் இந்தியாவுக்கு மூன்று புள்ளி, ஈரானுக்கு ஒன்று என்று தீர்த்து, 33–29 என முடித்தார்கள்.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் எல்லைக் கோடு சுண்ணாம்பால் இடப்பட்டது. பத்தாவது பாடலுக்கு முன் அது அழிந்துவிடுகிறது. லொபி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாத நிலத்தில் எந்த விதியை வைத்து வாதாடுவது? கயிற்றை இழுத்து ஆணி அடியுங்கள். லொபி விதியில் எது நடைமுறை என்பதையும் அணிகள் பதியும்போதே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

மல்லாவி–பரமற்றா எழுதியது:

சேர், ஏழாவது டாக்கிளை நியாயப்படுத்த நான் வரவில்லை. திருத்துகிறவர், திருத்தியது வீரனுக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்கவும் கடமைப்பட்டவர் என்பதே என் வாதம். அன்று கமின்ஸ் ஆட்டத்தை நிறுத்தி, இது கடைசி டாக்கிள் என்று இரு அணிக்கும் அறிவித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருந்தால் எவரும் பேசியிருக்க மாட்டார்கள். விதிநூல் அதற்கு வழி வகுக்கவில்லை என்பீர்கள்; அது விதிநூலின் குறை.

அபிப்பிராயம் சார்ந்த தீர்ப்புகளில் நான் உங்கள் பக்கம். அதே இறுதிப் போட்டியில் றூஸ்ரர்ஸின் கூப்பர் குரொங்க், பந்து கைக்கு வருமுன்னே கன்பராவின் ஜோஷ் பப்பாலியைப் பிடித்ததற்காகப் பத்து நிமிடம் வெளியே அனுப்பப்பட்டார். பெனால்டி ட்ரை கொடுத்திருக்க வேண்டும் என்பார் உண்டு. தவறு நடந்திராவிட்டால் ட்ரை வந்தே இருக்கும் என்று நடுவர் கருதினால்தான் அதைக் கொடுக்கலாம். 1999 இறுதிப் போட்டியில் புனித ஜோர்ஜுக்கு எதிராக ஆடிய மெல்பேர்ணின் கிரெய்க் ஸ்மித்துக்கு நடுவர் பில் ஹரிகன் அப்படி ஒன்றைக் கொடுத்தார். இடைவேளையில் 14–0 எனப் பின்தங்கியிருந்த மெல்பேர்ண் அதனால் 20–18 என வென்றது. அதை இன்றும் ஏற்காத புனித ஜோர்ஜ் ஆதரவாளர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். ஆனால் விதி அந்தக் கருத்தை நடுவரிடம் ஒப்படைத்திருக்கிறது. அங்கே வாதம் செல்லாது.

முறிகண்டியான் எழுதியது:

அண்ணா, சேர், எல்லோருக்கும் நன்றி. விதித்தாளில் கீழ்வருமாறு எழுத எண்ணியுள்ளோம்: "உதைபந்தாட்டத்தில் நடுவரின் ஊதல் மட்டுமே ஆட்டத்தை நிறுத்தும். கபடியில் நடுவர் அறிவித்த புள்ளியை அடுத்த பாடல் தொடங்கும்வரை மட்டுமே மாற்றலாம்; மாற்றினால் இரு அணித் தலைவர்களையும் அழைத்துச் சொன்ன பின்பே ஆட்டம் தொடரும்." என்.ஆர்.எல்லில் 2020 முதல் அணித் தலைவர் காணொளி மறுபரிசீலனை கோரலாம் என்று மருமகன் சொன்னான். எங்களிடம் கமரா இல்லாததால் அதைத் தொடவில்லை.

வவுனியா உடற்கல்வி எழுதியது:

நன்று. "அழைத்துச் சொன்ன பின்பே" என்பதோடு "புள்ளிப் பதிவாளர் திருத்தி எழுதிய பின்பே" என்பதையும் சேருங்கள். சென்ற ஆண்டு எங்கள் வலயப் போட்டியில் தலைவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள், தாளில் பழைய புள்ளியே கிடந்தது. முறைப்பாடு வந்தபோது செல்லுபடியானது தாள்தான்.