உஸ்பெக் பாஸ்போர்ட், இந்திய பாஸ்போர்ட்: இரண்டுக்கும் விசா கேட்காத ஊர் எது?

நூல்காரன், கோவை:
வணக்கம். தாஷ்கண்ட் பக்கம் ஒரு நூற்பாலையில் 4 வருடம் வேலை பார்த்தேன். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. மனைவிக்குச் சொந்த ஊர் சமர்கந்து. இப்போது என்னோடு கோவையில் இருக்கிறாள், பாஸ்போர்ட் இன்னும் உஸ்பெகிஸ்தானுடையதுதான். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் மட்டும்தான் வர முடிந்தது. என் அம்மாவும் அவள் அம்மாவும் இன்று வரை வீடியோ காலில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி. ஆகஸ்டில் இரண்டு வீட்டாரையும் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்க ஆசை. மொத்தம் 9 பேர். யாருக்கும் விசா போடாமல் போகிற மாதிரி ஓர் ஊர் சொல்லுங்கள். பாஸ்போர்ட் ரேங்க் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு நாடுமே கீழ்ப்பாதியில் கிடக்கின்றன. எனக்கு வேண்டிய பதில் அதில் இல்லை.

கிள்ளான்வாசி:
எங்கள் ஊருக்கு வாருங்கள் தம்பி. இந்தியர்களுக்கு மலேசியாவில் 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லை, 2026 முடியும் வரை நீட்டித்திருக்கிறார்கள். உஸ்பெக்காரர்களுக்கும் 30 நாள் உண்டு. இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆளுக்கொன்றாக ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் எதையும் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டில் 6 மாதம் மீதி இருக்கட்டும். சென்னையிலிருந்தும் தாஷ்கண்டிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இட்லி கிடைக்கும், மாமியாருக்கு ஹலால் கவலை இல்லை.

சமர்கந்து மருமகள்:
நான் மதுரைக்காரி, 2012-இல் கல்யாணமாகி இங்கே வந்தேன். மலேசியா நல்ல யோசனை. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் மாமியாரிடம் சிவப்பு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள் தம்பி. இங்கே பெரியவர்கள் பழைய பச்சை பாஸ்போர்ட்டையோ ஐடி அட்டையையோ எடுத்துக் காட்டி, "இதோ இருக்கிறதே" என்பார்கள். அதைக் கொண்டு மலேசியா போக முடியாது. தூர நாடுகளுக்குப் போக 2019 ஜனவரி 1 முதல் தனியாகக் கொடுப்பதுதான் சிவப்பு.

அதற்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? பச்சை பாஸ்போர்ட்டில் வெளியேறும் அனுமதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். 2 வருடம்தான் செல்லும். 2014-இல் என் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கணவரின் ஸ்டிக்கர் காலாவதியாகியிருந்தது. இந்திய விசாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, சொந்த நாட்டை விட்டு வெளியே போகவே அவர் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு நான் தனியாகப் போனேன். அவர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம்.

இன்னொன்றும் சொல்கிறேன். என் மாமியாரின் அக்கா பஞ்சகெந்தில் இருக்கிறார். தஜிகிஸ்தான்தான், ஆனால் இங்கிருந்து 60 கிலோமீட்டர் சுமாருக்குள். வீட்டில் பேசுவதும் இரு பக்கமும் தஜிக் மொழிதான். நடுவிலிருந்த ஜார்தெப்பா எல்லைச் சாவடியை 2010-இல் மூடிவிட்டார்கள். விசா வாங்கி, வடக்கே சுற்றி, மலைக் கணவாய்களைக் கடந்து போக வேண்டும். வயதானவர்களால் ஆகிற காரியமா? 2018 மார்ச்சில் சாவடி திறந்தது, 30 நாள் வரை விசாவும் வேண்டாம் என்றானது. அந்த வசந்தத்தில் பெரியம்மா ஒரு மூட்டை உலர்ந்த ஆப்ரிகாட்டோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினார். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததில் தேநீர் போடக் கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பாஸ்போர்ட்டுக்கு மற்ற நாடுகள் எத்தனை கதவு திறக்கின்றன என்றுதான் ரேங்க் பட்டியல் எண்ணுகிறது. சொந்த நாட்டின் கதவு திறந்ததும், 60 கிலோமீட்டர் வழி திறந்ததும் அதில் எங்கே தெரியப்போகிறது? இங்குள்ளவர்களுக்கு அவைதான் பெரிது. அப்புறம்தான் மற்றது: 2025 ஜூனிலிருந்து சீனாவும் 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது, துணிக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தனாருக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

மருத்துவ மாணவன்:
கஜகஸ்தானும் ஆகும் அண்ணா. நமக்கு 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு 14 நாள். உஸ்பெக்காரர்கள் தாஷ்கண்டிலிருந்து காரிலேயே போய்விடலாம். ஆனால் சென்னையிலிருந்து வருபவர்கள் டெல்லியில் விமானம் மாற வேண்டியிருக்கும். பேசாமல் உங்கள் அப்பா அம்மாவைச் சமர்கந்துக்கே கூட்டி வரலாமே? இ-விசா 20 டாலர்தான்.

நூல்காரன், கோவை:
தம்பி, அப்பாவுக்கு மூட்டு வலி, இரண்டு விமானம் மாறுவது சிரமம். கோலாலம்பூர் என்றால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம். அக்கா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். உடனே அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். பீரோவைத் திறந்து தேடி, ஒரு பாஸ்போர்ட்டைக் கேமரா முன்னால் பிடித்தார். பச்சை. திங்கட்கிழமை காலை மச்சான் அவரைக் கூட்டிக்கொண்டு சிவப்புக்கு மனுப் போடப் போகிறான். அது கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.