டைப் 2 வெடிப்பு: அதிர்ச்சி அலை வேகம் 371 கி.மீ.தான் வருகிறது, எங்கே தவறு?

கேள்வி
காலிஸ்டோ (சூரிய ரேடியோ அலைகளைப் பதியும் கருவி) கோப்பில் ஒரு டைப் 2 சூரிய ரேடியோ வெடிப்பு (அதிர்ச்சி அலை எழுப்பும் வகை). பட்டை 4 நிமிடத்தில் 120-லிருந்து 80 மெகா ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. சூரியனிலிருந்து உயர உயர எலக்ட்ரான் அடர்த்தி எப்படிக் குறைகிறது என்று சொல்லும் நியூகிர்க் மாதிரியில் போட்டால் வினாடிக்கு 371 கி.மீ. வருகிறது. லாஸ்கோ (விண்வெளியிலிருந்து கொரோனாவைப் படமெடுக்கும் கருவி) படங்களில் அதே சிஎம்இ (சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா மேகம்) 800-ஐத் தொடுகிறது. பின்னணியாக 15 நிமிடச் சராசரியைக் கழித்தேன். 70-க்குக் கீழே இரைச்சல் என்று வெட்டிவிட்டேன்.

பதில் 1
வெட்டியதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஹார்மோனிக்காக (அடிப்படை அதிர்வெண்ணின் இரட்டிப்பாக) இருக்கலாம். அப்படியானால் அடிப்படைப் பட்டை அதில் பாதியில், 60-ஐ ஒட்டித் தொடங்கும். 45 வரை திறந்து, ஒரே நொடியில் இரண்டு பட்டைகளின் விகிதத்தைப் பாருங்கள். 2-ஐ ஒட்டி வந்தால் ஹார்மோனிக். 1.2 போல வந்தால் அது பட்டைப் பிளவு (ஒரே பட்டை இரண்டாகப் பிரிவது), வேறு சமாச்சாரம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பதில் 2
சராசரி வேண்டாம். வெடிப்பும் அதில் கலந்துவிடுவதால் பட்டையே மங்கும். வெடிப்புக்கு முந்தைய அமைதியான இரண்டு நிமிடத்தில், சேனல் சேனலாக இடைநிலை மதிப்பு எடுத்துக் கழியுங்கள்.

இன்னொன்று: உங்கள் பட்டை 88–108 எஃப்எம் வரிசையைக் கடந்து வருகிறது. அங்கே புள்ளி குறித்தால் குறிப்பது வானொலி நிலையத்தைத்தான். அந்தச் சேனல்களை மறைத்துவிட்டு, இருபுறமும் உள்ள புள்ளிகளை வைத்துக் கோடு பொருத்துங்கள். அதிர்வெண் அச்சைக் கோப்பின் அட்டவணையிலிருந்தே படியுங்கள். சேனல்கள் சம இடைவெளியில் இருக்கும் என்று நம்பினால் சரிவு கெட்டுவிடும்.

கேட்டவர்
திறந்தேன். மேல் பட்டை 120-ல் இருக்கும்போது 61-ல் மங்கலாக ஒன்று தெரிகிறது. 45-ல் கோப்பின் எல்லை வந்துவிடுகிறது.

பதில் 1
விகிதம் 1.97, ஹார்மோனிக்கேதான். அதிர்வெண்ணைப் பாதியாக்கி 60, 40 என்று போடுங்கள். கிலோ ஹெர்ட்ஸில் எழுதி 8.98-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், கன செ.மீ.க்கு 4.46 கோடி, 1.98 கோடி எலக்ட்ரான். நியூகிர்க்: அடர்த்தி = 42,000 × 10^(4.32 ÷ ஆரம்). சூரிய ஆரத்தில் 1.427, 1.615 வரும். வித்தியாசம் சுமார் 1,31,000 கி.மீ.; 240 நொடிக்கு வகுத்தால் 545.

இதையும் ஒற்றை எண்ணாகச் சொல்லாதீர்கள். செயல்மிகு பகுதிக்கு (காந்தப்புலம் வலுத்த இடத்துக்கு) மேலே அடர்த்தி கூடுதல் என்று மாதிரியை இரட்டிப்பாக்கினால் அதே தரவு 682 கொடுக்கும். புள்ளி குறிக்கும் பிழை இதற்கு முன் ஒன்றுமில்லை. எந்த மடங்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

800-ஓடு பொருந்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. லாஸ்கோ சி2 பார்ப்பது சுமார் 2 சூரிய ஆரத்துக்கு அப்பால், சிஎம்இயின் முன்முனையை. ரேடியோ வந்தது அதற்கும் கீழே, ஒருவேளை பக்கவாட்டிலிருந்து. அந்த உயரத்தில் சிஎம்இ இன்னும் வேகம் பிடித்துக்கொண்டிருக்கலாம்.