பேச்சுப் பயிற்சியில் காலை வேலைகளை ஏன் வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள்?

கேள்வி (ஒரு தாய், திண்டுக்கல்):
ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் சொற்களைத் தெளிவாகவே உச்சரிக்கிறான். ஆனால் பள்ளியில் நடந்ததைச் சொல்லும்போது நடுவிலிருந்து தொடங்கி, யார் யாரை என்ன செய்தார்கள் என்பதே விளங்காதபடி முடித்துவிடுகிறான். "பையைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து, சமையலறையில் வை" என்றால் பையைத் திறந்ததோடு நின்றுவிடுகிறான். செவித்திறன் சோதனையில் குறை எதுவும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர், பள்ளிக்குக் கிளம்பும் வேலைகளைப் படங்களாக அடுக்குவதையும், விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருப்பதையும் பயிற்சியாகக் கொடுத்து, இவை எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் திறன்கள் என்றார். பேச்சுக்காகப் போன இடத்தில் இவை எதற்கு என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (பேச்சு மொழிப் பயிற்சியாளர், சென்னை):
வணக்கம் அம்மா. உங்கள் பயிற்சியாளர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொண்டே செயல்படுவது, தோன்றியதை உடனே செய்துவிடாமல் அடக்குவது, நிலைமை மாறினால் வழியை மாற்றிக்கொள்வது ஆகிய மூன்றுமே, செயலைத் திட்டமிட்டு நடத்த உதவும் எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் திறன்களின் அடிப்படை. நடந்ததைக் கோவையாகச் சொல்வதற்கு இம்மூன்றும் வேண்டும்: தொடக்கத்தை நினைவில் வைத்து, இடையில் தோன்றும் வேறு செய்தியை ஒதுக்கி, கேட்பவருக்குப் புரியவில்லை என்று கண்டால் வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: இத்திறன்களுக்கு மொழியும் துணை செய்கிறது. சிறு குழந்தைகள் விளையாடும்போது தமக்குத் தாமே உரக்கப் பேசிக்கொள்வதும், அப்பேச்சு மெல்ல உள்ளடங்கி அவர்களுடைய செயலை வழிநடத்துவதும் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களிலேயே விளக்கியவை. மொழி தளர்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த உட்பேச்சும் தளர்ந்திருக்கக்கூடும். ஆகவே நீங்கள் சொன்னதை அவனே தன் வாயால், "முதலில் பை, அடுத்து பாட்டில், பிறகு சமையலறை" என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். தொடக்கத்தில் இரண்டு படிகள் போதும். 'அதற்கு முன்', 'அதனால்', 'ஆனால்' போன்ற இணைப்புச் சொற்களை அன்றாட வேலைகளிலேயே பழக்குங்கள். அவன் சொல்லும் நிகழ்ச்சிக்கு எலும்புக்கூடு அவைதான்.

பதில் (ஒரு தந்தை, கோவை):
எங்கள் மகளுக்கும் இதே பயிற்சிகளைக் கொடுத்தார்கள். 'கொக்கு பற பற, மாடு பற பற' விளையாட்டில் பறக்காததன் பெயர் வந்தால் கையைத் தூக்காமல் அடக்க வேண்டும் அல்லவா, அதைத் தினமும் ஆடச் சொன்னார்கள். நினைவாற்றலை வளர்ப்பதாகக் கூறும் கைப்பேசிச் செயலிகளும் பயன்படுமா, ஐயா?

பதில் (பயிற்சியாளர்):
அத்தகைய செயலிகளுக்குப் பணம் செலவிட நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தை அந்த ஆட்டத்தில் தேறுகிறது. அந்தத் தேர்ச்சி வகுப்பறைக்கும் பேச்சுக்கும் பெரும்பாலும் கடந்து வருவதில்லை. கொக்கு விளையாட்டு நல்லதே, முக்கியமாக, அறிவிப்பவராக அவளை நிறுத்தினால் அடுத்த பெயரைத் திட்டமிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். ஆயினும் பையை அடுக்குவது, சோறு பரிமாற உதவுவது போன்ற உண்மையான வேலைகளில் செய்யும் பயிற்சியையே நான் முதலில் வைப்பேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. படங்களை எப்போது எடுத்துவிடலாம்?

பதில் (பயிற்சியாளர்):
ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். பார்க்காமலே செய்யும் படியின் படத்தை மட்டும் கவிழ்த்து வையுங்கள். தடுமாறினால் திருப்பிக் காட்டுங்கள். வகுப்பிலும் கவனம் சிதறுவதாக ஆசிரியர் சொன்னால், குழந்தை மருத்துவரிடமும் ஒரு மதிப்பீடு பெறுவது நல்லது.