கம்யூனிட்டி காலேஜ்: வேலை போன பிறகும் பழைய வருமானத்தை வைத்தே உதவித்தொகைக் கணக்குப் போடுகிறார்கள், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். எல்லோருக்கும் கிரீன் கார்டு உண்டு. மகள் ஆகஸ்டில் கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறாள். 2025-26க்கான ஃபாஃப்ஸா (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) 2023 வருமானத்தைத்தான் பார்க்கிறது. அந்த வருடம் கணவருக்கு நல்ல சம்பளம். இந்தப் பிப்ரவரியில் வேலை போய்விட்டது. பழைய கணக்குப்படி பெல் கிராண்ட் (மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவி) இல்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் மாநிலத்தின் பிராமிஸ் கிராண்ட்டும் இல்லை.

கட்டணம் யூனிட்டுக்கு (பாட அளவு) 46 டாலர், 12 யூனிட்டுக்கு 552. அதையாவது புரட்டிவிடலாம். கெமிஸ்ட்ரிக்கு வீட்டுப்பாடம் போடவே ஆன்லைனில் உள்ளே நுழையும் குறியீடு (access code) வாங்க வேண்டுமாம், அதனால் பழைய புத்தகம் வாங்கியும் பயனில்லை. அப்புறம் பஸ், சாப்பாடு, லேப் செலவு எல்லாம் தனி.

வருமானம் குறைந்ததைக் காட்டி காலேஜில் மறுபரிசீலனை கேட்டோம். வேலைநீக்கக் கடிதம், வேலையில்லாக் கால உதவித்தொகைக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு எல்லாம் போர்ட்டலில் ஏற்றியாகிவிட்டது. ஜூன் முதல் 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது. போன் செய்தால் மெயில் அனுப்பச் சொல்கிறார்கள், மெயிலுக்குத் தானியங்கிப் பதில்தான். ஃபாஃப்ஸா உதவி எண்ணில் கேட்டால், முடிவு காலேஜ் கையில்தான் என்கிறார்கள். அது சரிதான், ஆனால் காலேஜ் வாய் திறக்க வேண்டுமே! நேரில் போனால் கவுன்டரில் இருப்பது மாணவப் பணியாளர்கள், பாவம், அவர்களால் ஃபைலைத் திறக்க முடியாது. கெடுவுக்குள் கட்டாவிட்டால் வகுப்புகளிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். கடன் வாங்கிக் கட்ட மனமில்லை.

முடிவு வரும்வரை அவள் பெயரை நீக்காமல் நிறுத்திவைக்க, காலேஜில் எந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்?